கேப்டன் மீது பழி... அரையிறுதியோடு முடிந்த பயணம்: சுலக்‌ஷன் குல்கர்னியின் முதல் சீசனுக்கு எத்தனை மார்க் போடலாம்?

ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஏதாவது ஒரு காலி மைதானத்தில் டென்னிஸ் பால் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே கோச் என்று யாரும் கிடையாது. டீமில் மூத்த அண்ணன் ஒருவர் டாஸ் போடுவார். தோற்றுவிட்டால், "ஏன்ணே பேட்டிங் எடுத்தீங்க?" என்று எல்லாரும் கேட்பார்கள். டீக்கடை வரைக்கும் அந்தச் சண்டை போகும், அப்புறம் முடிந்துவிடும்.

இதே சண்டை ரஞ்சி கோப்பை அரையிறுதி முடிந்த கையோடு பத்திரிகையாளர்கள் முன்னாடி நடந்தால்? அதுவும் கேப்டனைக் குறை சொல்வது சொந்த டீமின் கோச்சாகவே இருந்தால்? 2024 மார்ச் மாதம் தமிழ்நாடு அணியில் நடந்தது அதுதான்.

மும்பையிடம் இன்னிங்ஸ் தோல்வி அடைந்ததும், முதல் நாள் காலை 9 மணிக்கே, அதாவது டாஸ் போட்டு பேட்டிங் என்று முடிவு செய்த அந்த நேரத்திலேயே, மேட்ச் கைவிட்டுப் போய்விட்டது என்ற பொருளில் பேசினார் தமிழ்நாடு அணியின் தலைமைப் பயிற்சியாளர் சுலக்‌ஷன் குல்கர்னி. அது தமிழ்நாட்டுடன் அவருக்கு முதல் சீசன். கடைசி சீசனும் அதுவாகவே அமைந்தது. அடுத்த சீசனுக்குப் பயிற்சியாளராக வந்தவர் லட்சுமிபதி பாலாஜி.

ஒரு கோச்சின் முதல் சீசனை எதை வைத்து அளப்பது? வெற்றி தோல்வியை மட்டும் பார்த்தால் போதுமா? குல்கர்னியின் அந்த ஒரு வருடத்தை முழுசாக எடுத்துப் பார்ப்போம்.

யார் இந்த சுலக்‌ஷன் குல்கர்னி?

மும்பைக்காரர், முன்னாள் விக்கெட் கீப்பர். 2012-13 சீசனில் மும்பை தனது 40-வது ரஞ்சி கோப்பையை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளர் இவர்தான். ரஞ்சி கோப்பையை எப்படி ஜெயிப்பது என்று தெரிந்த ஆள்.

தமிழ்நாட்டுக்குத் தேவைப்பட்டதும் அப்படி ஒருவர்தான். டி20-யில் நம்ம அணி பெரிய அணி. 2020-21, 2021-22 என அடுத்தடுத்து இரண்டு முறை சையது முஷ்டாக் அலி கோப்பையைத் தூக்கியது. ஆனால் ரஞ்சி என்று வந்தால் கதை வேறு. 1954-55, 1987-88 என இதுவரை இரண்டே கோப்பைகள். கடைசியாக இறுதிப்போட்டி ஆடியது 2014-15-ல். அதில் கர்நாடகாவிடம் இன்னிங்ஸ் தோல்வி. கடைசியாக அரையிறுதி ஆடியது 2016-17-ல். அதிலும் மும்பையிடம்தான் தோல்வி. அதற்குப் பிறகு நாக் அவுட் பக்கமே போகவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2023-24 சீசன் தொடங்கியது. கோச் புதுசு. ரஞ்சி கேப்டன் பொறுப்பும் புதுசு: 27 வயது இடதுகை சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முக்கியமாகப் படும்.

தொடக்கமே தோல்வி... பிறகு என்ன நடந்தது?

ரஞ்சிக்கு முன்பு விஜய் ஹசாரே ஒருநாள் தொடர். அதில் தமிழ்நாடு காலிறுதியில் மும்பையை வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது. 2023 டிசம்பரில் ராஜ்கோட்டில் நடந்த அரையிறுதியில் ஹரியானாவிடம் 63 ரன்னில் தோற்றது. அந்த மேட்ச்சில் உதட்டில் காயம்பட்டு, வாயில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்து 64 ரன் அடித்த பாபா இந்திரஜித்தை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஹரியானாதான் பிறகு கோப்பையையும் வென்றது.

அடுத்து ரஞ்சி. 2024 ஜனவரியில் முதல் மேட்ச்சே சறுக்கல். வல்சாட்டில் குஜராத்துக்கு எதிராக 299 ரன் இலக்கு, தமிழ்நாடு 187-க்கு ஆல் அவுட். 111 ரன் வித்தியாசத்தில் தோல்வி. இரண்டாவது மேட்ச் திரிபுராவுடன், டிரா. இரண்டு மேட்ச் முடிந்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு புள்ளி.

அதற்குப் பிறகு அணி எழுந்த விதம்தான் இந்த சீசனின் நல்ல பக்கம்.

* கோவையில் ரயில்வேஸுக்கு எதிராக இன்னிங்ஸ் மற்றும் 129 ரன் வெற்றி. ஜெகதீசன் 245 நாட் அவுட்.
* கோவையிலேயே சண்டிகருக்கு எதிராக இன்னிங்ஸ் மற்றும் 293 ரன் வெற்றி. ஜெகதீசன் 321! பிரதோஷ் ரஞ்சன் பாலும் இந்திரஜித்தும் ஆளுக்கொரு சதம்.
* அடுத்து கோவாவுக்கு எதிராகவும் வெற்றி.
* சேப்பாக்கத்தில் கர்நாடகாவுக்கு எதிராக 355 ரன் இலக்கு. முதல் இன்னிங்ஸில் 151-க்குச் சுருண்ட அணி, நாலாவது இன்னிங்ஸில் 338/8 வரை போய் டிரா செய்தது. இன்னும் 17 ரன் எடுத்திருந்தால் வெற்றி.
* சேலத்தில் பஞ்சாப்புக்கு எதிராக 9 விக்கெட் வெற்றி. இந்திரஜித் 187.

மொத்தம் 28 புள்ளிகள். கர்நாடகா 27. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் எலைட் 'சி' பிரிவில் முதலிடம்.

காலிறுதி கோவையில், நடப்பு சாம்பியன் சவுராஷ்டிராவுடன். மூன்றே நாளில் முடிந்தது. சவுராஷ்டிரா 183, 122. தமிழ்நாடு 338. இன்னிங்ஸ் மற்றும் 33 ரன் வெற்றி. சாய் கிஷோர் 9 விக்கெட் எடுத்தார். அது போதாதென்று நைட் வாட்ச்மேனாக இறங்கி 60 ரன்னும் அடித்தார். ஏழு வருடம் கழித்து ரஞ்சி அரையிறுதி.

பி.கே.சி. மைதானத்தில் மூன்று நாட்கள்

2024 மார்ச் 2. மும்பை பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் மைதானம். டாஸ் ஜெயித்த சாய் கிஷோர் பேட்டிங் எடுத்தார். முதல் மணி நேரத்திலேயே ஆட்டம் கண்டது தமிழ்நாடு. 42 ரன்னுக்கு 5 விக்கெட். விஜய் சங்கர் 44, வாஷிங்டன் சுந்தர் 43 எடுத்து ஓரளவு தாங்கிப் பிடித்ததால் ஸ்கோர் 146-ஐத் தொட்டது.

மறுநாள் மும்பை 106-க்கு 7 விக்கெட்! அந்த இடத்திலிருந்து 378 வரை போய்விட்டார்கள். ஒன்பதாவதாக இறங்கிய ஷர்துல் தாக்கூர் 109. தனுஷ் கோட்டியான் 89 நாட் அவுட். சாய் கிஷோர் 99 ரன் கொடுத்து 6 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் தமிழ்நாடு 162-க்கு ஆல் அவுட். இன்னிங்ஸ் மற்றும் 70 ரன் தோல்வி. மூன்றாவது நாளே எல்லாம் முடிந்தது. மும்பை பிறகு விதர்பாவை வீழ்த்தி 42-வது கோப்பையைத் தூக்கியது.

கோச் என்ன சொன்னார்?

தோல்விக்குப் பிறகு குல்கர்னி பேசியதன் சாரம் இது. நான் மும்பைக்காரன், இந்த மைதானம் எனக்குத் தெரியும். முதலில் பந்துவீச வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கேப்டனுக்கு வேறு மாதிரி தோன்றியது. கடைசியில் கேப்டன்தான் பாஸ், என்னால் யோசனைதான் சொல்ல முடியும்.

இது வெளியே வந்ததும் முதலில் கொதித்தவர் தினேஷ் கார்த்திக். அதே சீசனில் விஜய் ஹசாரேயில் தமிழ்நாட்டுக்கு கேப்டனாக இருந்தவர். ஏழு வருடம் கழித்து அணியை அரையிறுதிக்குக் கொண்டுவந்த கேப்டனுக்குத் துணையாக நிற்காமல், அவரையும் அணியையும் மொத்தமாகக் கைவிட்டுவிட்டார் கோச், இது ரொம்பத் தப்பு என்று எக்ஸ் தளத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

சரி, உண்மையில் டாஸ்தான் தோல்விக்குக் காரணமா?

உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கோர்கார்டைப் பார்ப்போம்.

முதல் நாள் காலை ஆடுகளம் வேகப்பந்துக்கு உதவியது உண்மை. 42/5 என்பதே சாட்சி. அந்த ஈரத்தில் மும்பையை முதலில் ஆடவிட்டிருந்தால் கதை மாறியிருக்கலாம். இந்த அளவுக்கு குல்கர்னியின் கிரிக்கெட் வாதத்தில் நியாயம் இருக்கிறது. 'கோச் சொன்னதே முட்டாள்தனம்' என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் '9 மணிக்கே தோற்றுவிட்டோம்' என்ற வாதம் நிற்காது. காரணம் அந்த 106/7. அந்த நிமிடத்தில் மும்பை இன்னும் 40 ரன் பின்தங்கியிருந்தது. கையில் இருந்தது 3 விக்கெட். மீதி மூவரை 50 ரன்னுக்குள் எடுத்திருந்தால் மும்பையின் முன்னிலை வெறும் 10 ரன். டாஸ் முடிவு தப்பு என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தப்பை இரண்டாவது நாளே பந்துவீச்சாளர்கள் கிட்டத்தட்ட சரிசெய்துவிட்டார்கள். அதில் பெரும்பங்கு அதே கேப்டனுடையது.

மேட்ச் கைமாறியது அதற்குப் பிறகு. 8-வது விக்கெட்டுக்கு தாமோரும் தாக்கூரும் 105. 9-வது விக்கெட்டுக்கு தாக்கூரும் கோட்டியானும் 79. கடைசி விக்கெட்டுக்கு கோட்டியானும் துஷார் தேஷ்பாண்டேயும் 88. கூட்டிப் பாருங்கள், 272 ரன். மும்பை எடுத்த மொத்த ரன்னில் பத்தில் ஏழு பங்கு கடைசி மூன்று விக்கெட்டில் வந்தது.

அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வால் பகுதி பேட்ஸ்மேன்களுக்கு எதிராக என்ன திட்டம் இருந்தது? சுழல் எடுபடாத நேரத்தில் விக்கெட் எடுக்க வேகத்தில் யார் இருந்தார்கள்? இரண்டாவது இன்னிங்ஸிலும் 162-க்கு ஏன் சுருண்டோம்? இந்த மூன்றும் கேப்டனை மட்டும் பார்த்துக் கேட்கும் கேள்விகள் அல்ல. தயாரிப்பு சம்பந்தப்பட்ட கேள்விகள். அதாவது, கோச்சின் மேஜைக்கும் வர வேண்டிய கேள்விகள். டாஸைப் பற்றிப் பேசிய அந்த ஒரு வரியில் இவை எல்லாம் காணாமல் போய்விட்டன.

கிரிக்கெட்டில் கோச்சின் பவர் எவ்வளவு?

கால்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு பேர் யார், எந்த ஃபார்மேஷன், யாரை எப்போது மாற்றுவது, எல்லாமே மேனேஜர் கையில். அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலிலும் அப்படித்தான். பந்து வீசுபவரை மாற்றுவதைக்கூட பயிற்சியாளரே மைதானத்துக்குள் நடந்து வந்து செய்வார். அதனால் அங்கே வெற்றி தோல்விக் கணக்கை கோச் பெயரிலேயே எழுதலாம்.

கிரிக்கெட் அப்படி இல்லை. டாஸ், ஃபீல்டிங், பந்துவீச்சு மாற்றம் எல்லாம் கேப்டன் முடிவு. கோச்சின் வேலை மேட்ச்சுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான் அதிகம். 'கேப்டன்தான் பாஸ்' என்று குல்கர்னி சொன்னது தப்பே இல்லை. ஆனால் அந்த பாஸை வளர்ப்பதுதான் கோச்சின் வேலை என்பதும் சேர்ந்தே வருகிறது. முதல் முறையாக ரஞ்சி கேப்டன்சி செய்யும் ஒருவர் தப்பு செய்வார். செய்தால்தான் கற்றுக்கொள்வார். அந்தத் தப்பை டிரெஸ்ஸிங் ரூமில் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசலாம். வெளியே மைக் முன்னாடி பேசினால், அடுத்த முறை அந்த கேப்டன் தனக்குத் தோன்றியதைச் செய்வாரா, இல்லை திட்டு வாங்காத முடிவாகப் பார்த்து எடுப்பாரா? இங்கே பணயம் வைக்கப்பட்டது இதுதான்.

மற்றவர்களின் முதல் சீசன் எப்படி?

முதல் சீசனிலேயே ஜெயித்தவர்களும் உண்டு. சந்திரகாந்த் பண்டிட் விதர்பாவுக்குப் போன முதல் சீசனிலேயே, 2017-18-ல், ரஞ்சி கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அடுத்த சீசனிலும் கோப்பை.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? ஸ்டீபன் ஃப்ளெமிங். 2008-ல் சிஎஸ்கே வீரர், 2009-ல் கோச். அந்த முதல் சீசனில் அரையிறுதியில் ஆர்சிபியிடம் தோல்வி. அத்தோடு அனுப்பிவிடவில்லை. அடுத்த வருடமே, 2010-ல், கோப்பை வந்தது. அணி நிர்வாகமும் கோச்சும் கேப்டனும் ஒரே குரலில் பேசியதால் கிடைத்த அவகாசம் அது.

சென்னையின் எஃப்சி ரசிகர்களுக்கு ஓவன் கோய்ல் நினைவுக்கு வருவார். 2019 டிசம்பரில், அணி தடுமாறிக்கொண்டிருந்தபோது பாதி சீசனில் வந்தார். முதல் நான்கு இடத்துக்குள் கொண்டுபோய், அரையிறுதியில் எஃப்சி கோவாவை 6-5 என்று மொத்தக் கணக்கில் தாண்டி, இறுதிப்போட்டி வரை அழைத்துப் போனார். 2020 மார்ச் 14-ல் ஆளில்லாத ஃபடோர்டா மைதானத்தில் ஏடிகேவிடம் 3-1 என்று தோல்வி. கோப்பை இல்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தை ரசிகர்கள் மறக்கவில்லை. 2023-ல் அதே கிளப் அவரைத் திரும்ப அழைத்தது. முதல் சீசனில் கோப்பை வராததால் மட்டும் யாரும் தோற்ற கோச் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்போ குல்கர்னிக்கு எத்தனை மார்க்?

நான்கு பாடமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

*முடிவுகள்: நன்று.* இரண்டு பெரிய தொடரில் அரையிறுதி. ரஞ்சியில் பிரிவில் முதலிடம். முந்தைய சீசன்களில் லீக்கைத் தாண்டவே திணறிய அணி இது.

*வீரர்கள் வளர்ச்சி: மிக நன்று.* சாய் கிஷோர் 53 விக்கெட்டுடன் அந்த ரஞ்சி சீசனின் டாப் விக்கெட் டேக்கர். இன்னொரு இடதுகை சுழல் அஜித் ராமும் முன்வரிசையில். ஜெகதீசன் 816 ரன், இந்திரஜித் 767 ரன். இதெல்லாம் வீரர்களின் உழைப்பு. ஆனால் ஒரே சீசனில் இத்தனை பேர் உச்சத்தில் இருந்தால் அந்தச் சூழலை அமைத்தவருக்கும் பங்கு உண்டு.

*வெளியூர் ஆட்டம்: சுமார்.* ரஞ்சியில் இரண்டு தோல்வி. வல்சாட், மும்பை. இரண்டுமே தமிழ்நாட்டுக்கு வெளியே. பெரிய வெற்றிகள் கோவையிலும் சேலத்திலும். சுழலுக்கு உதவும் ஆடுகளத்தில் யாரையும் மடக்கும் அணி, புல் இருக்கும் ஆடுகளத்தில் என்ன செய்யும் என்ற கேள்விக்கு இந்த சீசனில் பதில் கிடைக்கவில்லை. மும்பை மண்ணை நன்கு தெரிந்த கோச் இருந்தும் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

*நம்பிக்கை: தேறவில்லை.* காரணம் மேலே சொன்னதுதான். சீசன் முழுக்கச் சம்பாதித்ததை ஒரே பேட்டியில் செலவழித்துவிட்டார்.

மூன்று பாடத்தில் பாஸ், ஒன்றில் ஃபெயில். அந்த ஒன்று கட்டாயப் பாடமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு?

பாலாஜி வந்தார். கேப்டனாக சாய் கிஷோரே தொடர்ந்தார். 2024-25 ரஞ்சியில் தமிழ்நாடு காலிறுதி வரை போனது. 2025 பிப்ரவரியில் நாக்பூரில் விதர்பாவிடம் 198 ரன்னில் தோல்வி. அந்த விதர்பாதான் பிறகு சாம்பியன்.

வெறும் படிக்கட்டு கணக்கு பார்த்தால் பாலாஜியின் முதல் சீசன் குல்கர்னியின் முதல் சீசனைவிட ஒரு படி கீழே. ஆனால் தோல்விக்குப் பிறகு கேப்டனும் கோச்சும் எதிரெதிரே நின்ற காட்சி இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தோற்றது மறுபடியும் வெளியூரில், நாக் அவுட்டில். கோச் மாறியும் அந்தப் பழைய கேள்வி மாறவில்லை. அப்படியென்றால் பிரச்சினை ஒரு ஆளிடம் மட்டும் இல்லை. எந்த ஆடுகளத்தில் நம்ம பசங்க ஆடி வளர்கிறார்கள், வேகப்பந்து வீச்சாளர்களுக்குச் சொந்த ஊரில் எத்தனை ஓவர் கிடைக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

அடுத்த முறை புது கோச் வந்து முதல் சீசன் முடிந்ததும், கோப்பை வந்ததா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் மூன்று விஷயம் பாருங்கள். போன வருடத்தைவிட எத்தனை வீரர்கள் முன்னேறியிருக்கிறார்கள்? பழக்கமில்லாத ஆடுகளத்தில் அணி எப்படி ஆடியது? தோற்ற அன்று மைக் முன்னாடி உட்கார்ந்தபோது கோச் 'நாங்கள்' என்றாரா, 'அவர்' என்றாரா?

தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் சாயங்காலம் கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு நெட்ஸுக்குப் போகிற பசங்களைப் பார்க்கலாம். அதில் ஒருவன் நாளைக்கு ஏதோ ஒரு டீமுக்கு டாஸ் போடப் போகிறான். தப்பாகவும் முடிவெடுப்பான். அன்றைக்கு அவன் கோச் பக்கத்தில் நிற்பார் என்று தெரிந்தால், அடுத்த டாஸையும் அவன் பயப்படாமல் போடுவான்.

இந்த சீசனுக்கு நீங்கள் எத்தனை மார்க் போடுவீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள்.